பழைய வீட்டு வயரிங்: எம்சிபி மட்டும் மாத்திட்டா போதுமா?

கேள்வி இதுதான். கும்பகோணம் பக்கம் தாத்தா காலத்து வீடு, 1960கள்ல கட்டினது, மர ரீப்பர்ல கிளிப் அடிச்சு ஓட்டின வயரிங், இப்ப அப்பா அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க. வெயில் தாங்கலைன்னு ஒரு ஏசியும் பாத்ரூமுக்கு ஒரு கீசரும் வைக்கப் போறீங்க. ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டா சில நேரம் லேசா சுர்ருங்குது. எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, பழைய ஃப்யூஸ் கட்டையை எடுத்துட்டு எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) போட்டா போதும், ஒண்ணும் ஆகாதுங்கறார். போதுமான்னு கேக்கறீங்க.

போதாதுங்க. அதுவும் அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்தை நீங்க கடைசியா, போற போக்குல சொல்லியிருக்கீங்க, எனக்கு முதல்ல கண்ணுல பட்டதே அதுதான். ஏசியும் கீசரும் ஒரு மாசம் தள்ளிப் போகட்டும், அந்த சுர்ருங்கறதை இந்த வாரமே பாருங்க.

ஃப்யூஸோ எம்சிபியோ ரெண்டும் காப்பாத்தறது வயரைத்தான், மனுஷனை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபின்னா 16 ஆம்பியருக்கு மேல கரண்ட் போனாத்தான் அதுக்கு ஏதோ தப்பு நடக்குதுன்னே தெரியும். மனுஷ உடம்புக்குள்ள 10 மில்லி ஆம்பியர் போனாலே புடிச்ச கையை விட முடியாம தசை இறுகிடும், 30, 40ஐத் தாண்டி சில நொடி நீடிச்சா இதயத் துடிப்பே தடுமாறிடும். 30 மில்லி ஆம்பியர்னா 0.03 ஆம்பியர். அதாவது ஒருத்தர் கரண்ட் கம்பியைப் புடிச்சுக்கிட்டு உயிருக்குப் போராடிட்டு இருக்கும்போது அந்த எம்சிபி கணக்குல அது ஒரு சின்ன எல்ஈடி பல்பு அளவு லோடு, அது பாட்டுக்கு ஆன்ல இருக்கும். எங்க வீட்ல எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா தானா ஆஃப் ஆயிடும்னு நம்பிட்டு இருக்கறவங்க ரொம்ப ரொம்ப பேர், படிச்சவங்களே சொல்லிக் கேட்டிருக்கேன்.

இப்ப எர்த்துக்கு வருவோம். ஃப்ரிட்ஜோ கிரைண்டரோ வாஷிங் மெஷினோ, உள்ள ஒரு ஃபேஸ் வயர் (கரண்ட் வர்ற கம்பி) தோல் உரிஞ்சு இரும்பு பாடியில பட்டா, அந்த கரண்ட் எர்த் வயர் வழியா மண்ணுக்குப் போகணும், நிறைய போகணும், போனாத்தான் ஃப்யூஸ் போகும். எர்த் இல்லைன்னா பாடி முழுக்க 230 வோல்ட் உக்காந்திருக்கும், யாராவது ஈரக்காலோட வந்து தொடற வரைக்கும் வெளிய எதுவும் தெரியாது. சுர்ருன்னு லேசா இருக்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு உள்ள லீக்கேஜ், இன்னொண்ணு மெஷினுக்குள்ள இருக்கற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா வர்ற துளி கரண்ட், ரெண்டாவதுன்னா ஆள் சாகமாட்டாங்க. ஆனா எர்த் ஒழுங்கா இருந்தா இந்த ரெண்டுமே கைக்குத் தெரியாது. அதனால காரணம் எதுவா இருந்தாலும் உங்க வீட்ல அந்த பிளக்குக்கு எர்த் செத்துப்போச்சுன்னு மட்டும் உறுதியா எடுத்துக்கலாம்.

அந்த காலத்து வீட்ல எர்த் எப்படி சாகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ரீப்பர் ஓரமா ஒரு வெறும் கம்பி ஓடும், மூணு பின் பிளக்குக்கு மட்டும்தான் அது, லைட்டு ஃபேனுக்கெல்லாம் கிடையாது. பல தடவை சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிச்சு, நடுவுல யாரோ கதவு நிலை மாத்தும்போது வெட்டி விட்டுட்டு, அப்படியே போயிருக்கும். இன்னொண்ணு, நிறைய வீட்ல எர்த்துன்னு தனியா குழி எடுக்காம தெருக்குழாய்ல இருந்து வர்ற இரும்பு பைப்புல கட்டி விட்டிருப்பாங்க. பின்னாடி பிளம்பர் வந்து துருப்பிடிச்ச பைப்பை எடுத்துட்டு பிவிசி போட்டிருப்பார், எர்த் அன்னிக்கே போயிடுச்சு, வீட்ல யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம், பாதி பைப் இன்னும் இரும்பா இருந்து, அது மண்ணைத் தொடாம பாத்ரூம் குழாயோட மட்டும் முடிஞ்சா, கிரைண்டர்ல லீக் ஆனா ஷாக் அடிக்கறது குளிச்சிட்டு இருக்கறவங்களுக்கு. குழியே இருந்தாலும் உப்பும் கரியும் போட்டு தண்ணி ஊத்தி ஈரமா வச்சிருந்தாத்தான் அது எர்த். கோடையில காஞ்சு கிடக்கற குழியில ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் இருக்குன்னு வைங்க, 230ஐ 20ஆல வகுத்தா 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 11.5 ஒரு பொருட்டே இல்ல, ட்ரிப்பே ஆகாது, ஃப்ரிட்ஜ் பாடி கரண்ட்டோடயே நிக்கும். எர்த் இருக்கு, எம்சிபி இருக்கு, ஆனா ஆள் செத்துடலாம். இந்தக் கணக்கை உங்க எலக்ட்ரீசியன்கிட்ட ஒருதடவை போட்டுக் காட்டுங்க.

அதனாலதான் ஆர்சிசிபின்னு இன்னொரு சாதனம் வேணும். இது ஃபேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு மட்டும் பாக்கும், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா ஒரு நொடியில மூணுல ஒரு பங்கு கூட ஆகாது, வெட்டி விட்டுடும். மேல சொன்ன காஞ்ச குழியை எடுத்துக்கோங்க, 20 ஓம் இல்ல 100 ஓமே இருக்கட்டும், 2.3 ஆம்பியர் மண்ணுக்குப் போகும், ஆர்சிசிபிக்கு அது தாராளம். எர்த்தே இல்லாத பிளக்குல கூட, தொட்ட ஆள் உடம்பு வழியா கரண்ட் போக ஆரம்பிச்ச உடனே ட்ரிப் ஆகும், ஒரு உதை விழும், ஆனா உயிர் போற வாய்ப்பு ரொம்ப குறைஞ்சிடும். கடையில 100, 300 மில்லி ஆம்பியர்னும் விப்பாங்க, அது தீ விபத்துக்காக, ஆளைக் காப்பாத்த 30தான் வேணும். முடிஞ்சா டைப் ஏ கேட்டு வாங்குங்க, இப்ப வர்ற இன்வெர்டர் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாத்துலயும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கறதால சாதா டைப் ஏசி சில வகை லீக்கேஜைக் கண்டுபிடிக்காது (இந்த ஏசிக்கும் ஏர்கண்டிஷனருக்கும் சம்பந்தம் இல்ல, அந்த வகையோட பேர் அது). ஆர்சிசிபி ஓவர்லோடைப் பாக்காது, அதனால எம்சிபியும் கூடவே இருக்கணும். ஒரே கையில ஃபேஸையும் நியூட்ரலையும் சேத்துப் புடிச்சாலும் அது காப்பாத்தாது, அது லோடுன்னு நினைச்சுக்கும்.

சரி, வயருக்கு வருவோம். 1960கள்னா உங்க வீட்ல ஓடறது பெரும்பாலும் ரப்பர் தோல் போட்ட வயர், மேல பருத்தி நூல் பின்னல் இருக்கும், இல்லைன்னா மொத்த ரப்பர் உறை. பிவிசி அதுக்கு அப்புறம்தான் வீடுகள்ல பரவலா வந்துச்சு. ரப்பர் வயசானா இறுகி, வெடிச்சு, அப்பளம் மாதிரி ஆயிடும். அசைக்காத வரைக்கும் அது அப்படியே ஒட்டிட்டு இருக்கும், அதனாலதான் அறுபது வருஷமா நல்லாத்தானே ஓடுதுன்னு தோணும். யாராவது ஒரு சுவிட்ச் போர்டைக் கழட்டி வயரை வளைச்ச உடனே தோல் பொலபொலன்னு உதிரும். முதல்ல உதிர்ற இடம் சீலிங் ரோஸ் (கூரையில லைட், ஃபேன் வயர் இறங்கற வட்ட மூடி), பல்பு ஹோல்டர், ஏன்னா குண்டு பல்பு சூடு வருஷக்கணக்கா அங்கதான் பட்டிருக்கு. அதனால பழைய வீட்ல புது ஃபேன் மாட்டறது, புது பாயின்ட் இழுக்கறது மாதிரி சின்ன வேலைதான் ஆபத்து, வேலை முடிஞ்சு மூடிட்டுப் போயிடுவாங்க, உள்ள ரெண்டு கம்பி தோல் இல்லாம பக்கத்துப் பக்கத்துல நிக்கும்.

மேல மரம், ரீப்பர் மரம், ரவுண்ட் பிளாக்கும் மரம், பரண்ல பழைய துணி, எலி அணில் எல்லாம் இருக்கற இடம். அதோட ஐப்பசி கார்த்திகை மழையில மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்து மேல செங்கல், சுண்ணாம்பு போட்ட கூரை) ஒழுகி சுண்ணாம்புச் சுவர் ஊறும். தோல் வெடிச்ச வயர் ஊறின சுவரைத் தொட்டா சுவரே ஷாக் அடிக்கும். நீங்க யாரை வச்சு மெகர் டெஸ்ட் (வயர் தோல் கரண்ட்டை எவ்வளவு தடுக்குதுன்னு பாக்கற சோதனை) எடுத்தாலும், மழைக்காலத்துல ஒருதடவை எடுக்கச் சொல்லுங்க, மே மாசம் காஞ்ச சுவர்ல எடுத்தா உடைஞ்ச வயர் கூட நல்ல ரீடிங் காட்டும். பல்பு, மெஷின் எல்லாத்தையும் கழட்டிட்டு 500 வோல்ட் மெகர்ல பாத்து 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா அந்த லைனை அப்படியே விட்டு வைக்காதீங்க.

இன்னொரு விஷயம், பழைய மெயின்ல ஃப்யூஸ் கட்டை ரெண்டு இருக்கான்னு பாருங்க. ஃபேஸுக்கு ஒண்ணு நியூட்ரலுக்கு ஒண்ணுன்னு போடறது ரொம்ப பழைய பழக்கம். நியூட்ரல்ல தனியா ஃப்யூஸ் வைக்கக் கூடாதுன்னு 1956 இந்திய மின்சார விதிகள்லயே இருக்கு, ஆனா பழைய வீடுகள்ல இன்னிக்கும் இருக்கு. நியூட்ரல் ஃப்யூஸ் போனா வீடு இருட்டாயிடும், கரண்ட் இல்லைன்னு நினைச்சு கையை வைப்போம், ஆனா ஃபேஸ் பூரா வயர்லயும் உயிரோட இருக்கும். இதே மாதிரி சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருந்தா, லைட்டை ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தும்போது ஹோல்டர்ல கரண்ட் இருக்கும். ஷாக் பெருசா இல்லைன்னாலும் ஸ்டூல்ல இருந்து விழுந்தா வயசானவங்களுக்கு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஃப்யூஸ் கம்பியும் அப்படித்தான், அடிக்கடி போகுதுன்னு ஃப்ளெக்சிபிள் வயர்ல இருந்து நாலஞ்சு இழை உருவி முறுக்கிப் போட்டிருப்பாங்க, அதுக்கப்புறம் ஃப்யூஸ் போகவே போகாது, போறது வயர்தான். இந்த விஷயத்துல எம்சிபி போடச் சொன்ன உங்க எலக்ட்ரீசியன் சொன்னது சரி, அதை நான் மறுக்கல.

ஆனா தீப்புடிக்கற விஷயத்துல எம்சிபியும் ஆர்சிசிபியும் ரெண்டுமே கண்டுக்காத ஒண்ணு இருக்கு, அது லூஸ் கனெக்ஷன். கீசர் 2000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சுவிட்ச் டெர்மினல்ல ஸ்க்ரூ தளர்ந்து அங்க அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா, ஒன்பதை ஒன்பதால பெருக்கி பாதியாக்குங்க, 40 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில. ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் உருக்கற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். கரண்ட் 9 ஆம்பியர்தான், எர்த்துக்கும் எதுவும் போகல, அதனால ரெண்டு சாதனமும் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்கும், உள்ள மரப்பெட்டி கருகிட்டு இருக்கும். சுவிட்ச் போர்டைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கறது, ஹைலம் ஷீட்ல (போர்டு மேல மூடற பலகை) பழுப்பா கறை, காதுல விழற மாதிரி சிர்ருன்னு சத்தம், எங்கயோ மீன் நாத்தம் மாதிரி ஒரு வாடை, இதெல்லாம் அதோட அறிகுறி. அந்த மீன் வாடையை வீட்ல எல்லாரும் எலி செத்துக் கிடக்குன்னு தேடுவாங்க, பிளாஸ்டிக்கும் பேக்லைட்டும் சூடாகும்போது வர்ற வாடை அது, உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க.

வயர் அலுமினியமா இருந்தா இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அறுபது எழுபதுகள்ல செம்பு தட்டுப்பாட்டால நம்ம பக்கம் நிறைய வீட்ல அலுமினியம்தான் ஓட்டினாங்க. அலுமினியம் ஸ்க்ரூ அழுத்தத்துல மெல்ல மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், மேல ஆக்சைடு படிஞ்சு கரண்ட்டைத் தடுக்கும், சூடாகி விரியும், ஆறி சுருங்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். அதுல புதுசா செம்பு வயரை முறுக்கி கருப்பு டேப் சுத்தி விட்டிருந்தா அந்த ஜாயின்ட் ஈரத்துல அரிச்சே போயிடும். இப்படி முறுக்கின ஜாயின்ட் பழைய வீட்ல எத்தனை இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, பாதி பரண் மேல இருக்கும்.

அந்தக் காலத்து லோடு என்னன்னு யோசிங்க. நாலு குண்டு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ, வாரத்துக்கு ஒருநாள் அயர்ன் பாக்ஸ். அதுக்குத்தான் 1/18 வயர் ஓட்டினாங்க, பழைய வயர்மேன்கள் இன்னும் ஒன் பை எயிட்டீன்னுதான் சொல்வாங்க, 18ஆம் கேஜ்ல ஒரே கம்பி, கிட்டத்தட்ட 1.2 ஸ்கொயர் எம்எம். இப்ப ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர், கீசர் 9, இண்டக்‌ஷன் அடுப்பு 8, 9. அயர்ன் பாக்ஸும் அதிகம் இழுக்கும், ஆனா சூடானதும் தெர்மோஸ்டாட் வெட்டும், பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். ஏசி ராத்திரி பூரா எட்டு மணி நேரம் ஓடும், அந்த நேரத்துல எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜரும் இதே கதைதான், வாட் கம்மி ஆனா மணிக்கணக்கா ஓடும், அதை வாசல் திண்ணையில இருக்கற பழைய ரெண்டு பின் பிளக்குல செருகி வைக்கறாங்க.

உங்க வீட்ல இன்வெர்டர் இருக்கான்னு சொல்லல, டெல்டா பக்கம் இல்லாத வீடு கம்மி, அதனால சொல்றேன். பழைய வீட்ல இன்வெர்டர் மாட்ட வர்றவங்க தனி லைன் இழுக்க மாட்டாங்க, இருக்கற லைட் லைன்ல ஃபேஸை மட்டும் வெட்டி இன்வெர்டர் வழியா கொண்டு போவாங்க, நியூட்ரல் பொதுவாவே இருக்கும். மெயினை ஆஃப் பண்ணினா வீட்ல கரண்ட் போயிடுச்சுன்னு நாம நினைப்போம், இன்வெர்டர் அடுத்த நொடியே அதே வயர்ல 230 வோல்ட்டை ஏத்திடும். யாரை வேலைக்குக் கூப்பிட்டாலும் மெயினோட சேத்து இன்வெர்டரையும் ஆஃப் பண்ணி அதோட அவுட்புட்டைக் கழட்டி வச்ச பிறகுதான் கை வைக்கணும். இந்தப் பொது நியூட்ரலாலதான் ஆர்சிசிபி போட்ட உடனே ட்ரிப் ஆயிட்டே இருக்கும், உடனே ஆர்சிசிபி சரியில்லைன்னு அதை பைபாஸ் பண்ணிட்டுப் போவாங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. ஒண்ணு நியூட்ரல் கலந்திருக்கு, இல்லைன்னா நிஜமாவே எங்கயோ லீக் ஆகுது, ரெண்டுமே கண்டுபிடிச்சு சரி பண்ண வேண்டியது.

வீட்டுக்கு வெளிய ஒரு விஷயம், இதை அப்பா அம்மாகிட்ட இன்னிக்கே ஃபோன்ல சொல்லுங்க. கொல்லைப்புறத்துல துணி காயப்போடற கொடி இரும்புக் கம்பியா இருந்தா அவுத்துட்டு நைலான் கயிறு கட்டச் சொல்லுங்க. கம்பத்துல இருந்து வர்ற சர்வீஸ் வயரைத் தாங்கற ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கம்பியிலயோ, பாத்ரூம் தகரக் கூரையிலயோ, மோட்டார் ரூம் பைப்புலயோ அந்தக் கொடியை ஒரு முனை கட்டியிருப்பாங்க. தோல் தேஞ்ச வயர் அதுல பட்டா கொடி முழுக்க கரண்ட், ஈரத் துணி, ஈரக் கை, வெறுங்காலு. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் அடுத்தவரும் மாட்டிக்கிட்டு ஒரே வீட்ல ரெண்டு பேர், மூணு பேர் போன செய்தி நம்ம ஊர்ல மழைக்காலம்னாலே வருது. நாடு முழுக்க மின்சாரம் தாக்கி சாகறவங்க வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேலன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்லுது, எல்லாமே வீட்டுக்குள்ள நடந்தது இல்லைதான், ஆனா இந்தக் கொடிக்கம்பி சாவெல்லாம் ஒரு நைலான் கயிறுல தடுத்திருக்கக் கூடியது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. யாராவது மாட்டிக்கிட்டா தொடாம மெயினை ஆஃப் பண்ணணும், முடியலைன்னா காஞ்ச கட்டையால தள்ளணும், அப்புறம் 108.

இப்ப என்ன வரிசையில பண்றதுன்னா, முழு வீட்டையும் ஒரே நேரத்துல மாத்த காசு இல்லைன்னு எதுவுமே பண்ணாம விடறதுதான் பெரும்பாலும் நடக்குது, அது வேண்டாம். முதல்ல ஒரு புது எர்த் குழி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, அதுல இருந்து மெயினுக்கு செம்பு வயர். அதோட மெயின்லயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள்ள வந்துடும். இந்த ரெண்டும் ஒரு நாள் ரெண்டு நாள் வேலை. அடுத்தது ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார், கீசர், அதாவது தண்ணியும் இரும்பும் சேர்ற இடம் எல்லாத்துக்கும் மெயின்ல இருந்து புது மூணு வயர் லைன், எர்த்தோட. பிளக் பாயின்ட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியா 4, ரெண்டுக்கும் தனித்தனி எம்சிபி. பழைய லைன்ல இருந்து ஏசிக்கு ஒரு கிளை இழுத்துக் கொடுக்கறேன்னா ஒத்துக்காதீங்க. சுண்ணாம்புச் சுவரைக் கொத்தி கன்சீல்ட் பண்ணாதீங்க, அந்தச் சுவர் தாங்காது, ஈரமும் இறங்கும், மேலயே பிவிசி கேசிங்ல ஓட்டினா போதும், பழுது பாக்கவும் சுலபம். லைட் ஃபேன் லைன் கடைசியா மாத்தலாம், ஆனா அது மாத்தற வரைக்கும் அந்த லைன் எம்சிபி 6 ஆம்பியர் இருக்கட்டும், அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு 16 போட விடாதீங்க, அது பழைய முறுக்கு ஃப்யூஸ் கம்பியேதான் வேற ரூபத்துல.

வேலைக்கு லைசன்ஸ் இருக்கற வயர்மேனைப் பாருங்க, எர்த் ரெசிஸ்டன்ஸும் மெகர் ரீடிங்கும் எழுதித் தரச் சொல்லுங்க. டெஸ்டர்ல வெளிச்சம் வருதான்னு மட்டும் பாத்துட்டு எல்லாம் ஓகேங்கறவர் வேண்டாம், டெஸ்டர் எர்த் எப்படி இருக்குன்னு சொல்லாது. வேலை முடிஞ்சதும் ஆர்சிசிபியில T-ன்னு எழுதியிருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டச் சொல்லி அப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்க, மாசத்துக்கு ஒருதடவை அமுக்கணும், அமுக்கினா கரண்ட் போகணும், போகலைன்னா அதை மாத்தணும்.

ஏசி, கீசர் வந்தா ஈபியில வாங்கின லோடு பத்தாது, கூட்டறதுக்கு எழுதிக் கொடுங்க. கம்பத்துல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற சர்வீஸ் வயரையும் அப்பவே பாத்துடச் சொல்லுங்க, அது வெயில்ல பட்டு தோல் போயிருந்தா உங்க ஆளை விட்டு டேப் சுத்தச் சொல்லாதீங்க, அது ஈபி வேலை, 94987 94987 மின்னகத்துல புகார் பதிஞ்சா ஆள் வருவாங்க.